மூன்று பேர் போதும்

இரண்டாம் மாடித் தாழ்வாரத்தை ரேடியோ பின்பக்கமாக நடந்துகொண்டே துடைத்து வந்தாள். மாப்பை இடமும் வலமுமாக வீசும்போது வாயும் கூடவே ஓடியது. எதிரே ஆள் இருக்க வேண்டும் என்ற அவசியமெல்லாம் அவளுக்குக் கிடையாது. சுவரோடு பேசுவாள், குப்பைத்தொட்டியோடு பேசுவாள், பபுள்கம்மைத் தரையில் ஒட்டிவிட்டுப் போன முகம் தெரியாத மாணவனின் பரம்பரையையே கூப்பிட்டு வைத்துப் பேசுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கூட வேலை செய்யும் தையல்காரி வைத்த பெயர்தான் ரேடியோ. "உனக்கு அணைக்கிற பொத்தான் எங்கடி இருக்கு?" என்று அவள் கேட்டுக் கேட்டு, கடைசியில் சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

பல்கலைக்கழகத்தின் அந்தக் கட்டடத்துக்கு நான்கு பெண்கள். முதல் மாடி தையல்காரிக்கு. சட்டை தைத்துக்கொண்டிருந்த ஆலை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவள். மூன்றாம் மாடி சின்னவளுக்கு. நால்வரில் இளையவள், முழங்கால் வலி இன்னும் எட்டிப்பார்க்காதவள். தரைத்தளம் அண்ணிக்கு. துப்புரவுக் காண்ட்ராக்டரைக் கேட்டால் அப்படித்தான் சொல்லுவார்.

அண்ணி, ரேடியோவின் புருஷனுக்கு அக்கா. கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். லாரியில் போனால் எப்போது முகம் காட்டுவான் என்று சொல்ல முடியாத அந்தத் தம்பிக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்து, வந்த பெண்ணுக்கு இந்த வேலையையும் வாங்கிக்கொடுத்தவள். இப்போது அவள் நெஞ்சுக்குள் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது, வாளியைத் தூக்கினால் உதடு நீலம் பாய்ந்தது. ஆபரேஷன்தான் வழி என்று ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக்கொண்டார்கள். வேலையில் இருந்தால்தான் காப்பீட்டு அட்டை, அட்டை இருந்தால்தான் ஆபரேஷன். வரிசையோ நத்தை மாதிரி நகர்ந்தது.

அதற்காக மற்ற மூவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அண்ணி மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கழுவுமிடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்வாள். மாப் துணிகளை அலசிப் பிழிவது, சோப்புத் தண்ணீர் கலப்பது, குப்பைப் பைகளைப் பிரித்து அடுக்குவது அவள் வேலை. தரைத்தளத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். முன்வாசல் தையல்காரிக்கு, கழிப்பறைகள் ரேடியோவுக்கு, நீளத் தாழ்வாரம் சின்னவளுக்கு. சூப்பர்வைசரின் ஸ்கூட்டர் வாசலில் திரும்பினால் தையல்காரி முதல் மாடிக் கம்பியில் மாப் குச்சியால் தட்டுவாள். உடனே அண்ணி எழுந்து போய், அறிவிப்புப் பலகைக்குக் கீழே காய்ந்த மாப்பைத் தள்ளிக்கொண்டு நிற்பாள்.

"எப்ப வந்தாலும் இந்த இடத்தையே தொடச்சிட்டு இருக்கியே," என்று ஒருநாள் சூப்பர்வைசர் கேட்டார்.

"இங்கதான் சார் பசங்க நின்னு நின்னு பாக்குறாங்க. கால் அழுக்கு இங்கதான் ஜாஸ்தி."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நால்வரும் கழுவுமிடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒன்றரை வருஷமாகத் தரைத்தளத்தைப் பற்றி ஒரு குறை வரவில்லை.

அந்த வாரம் முதல் மாடிப் பெரிய கூடத்தில் ஒரு பட்டறை நடந்தது. 'சமூக மாற்றத்துக்கான டிசைன் திங்கிங்' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். நீள மேசைகளை எடுத்துவிட்டு வட்ட மேசைகள் போட வேண்டும் என்றார்கள். இடுப்பு ஒடிய இழுத்துப் போட்டது இந்தப் பெண்கள்தான். குப்பைத்தொட்டியைக் காலி செய்யப் போனபோது பேராசிரியர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மனிதர்களிடம் தீர்வைக் கொண்டுபோகாதீர்கள், காதைக் கொண்டுபோங்கள். அவர்கள் தங்கள் கஷ்டத்தைத் தாங்களே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேளுங்கள், விடை அங்கேதான் இருக்கும் என்றார். ரேடியோ தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்று கேட்டாள்.

"நல்லா பேசுறாருல்ல?" என்றாள் வெளியே வந்து.

"அதுக்குத்தான சம்பளம் வாங்குறாரு. பேசட்டும்," என்றாள் தையல்காரி.

மதியத்துக்குமேல் சுருட்டை முடியோடு ஒரு மாணவி, நெட்டையாக ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு வந்தாள். "அக்கா, உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா?" ரேடியோ திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். யாரும் இல்லை.

காலி வகுப்பறைக்குள் கூட்டிப்போய் மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். ஈரமான வேலைக் கோட்டு நாற்காலியில் படுமே என்று அவள் நுனியில் தொற்றிக்கொண்டாள். பையன் ஓடிப்போய் காகிதக் கோப்பையில் டீ வாங்கிவந்தான். வேலை எப்படி இருக்கிறது, எது கஷ்டம், எது பிடிக்கும் என்று சுருட்டை முடிக்காரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரேடியோ முதலில் கழிப்பறை மருந்தைப் பற்றிச் சொன்னாள். நெடி தொண்டையை அறுக்கும், விரல் நுனியெல்லாம் உரியும் என்றாள். அந்தப் பெண் சட்டென்று அவள் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "ஐயோ அக்கா," என்றாள். குரல் உடைந்திருந்தது, நடிப்பு இல்லை.

அவ்வளவுதான். அதற்குப்பிறகு ரேடியோவுக்கு மடை திறந்துவிட்டது.

"யாருக்காவது உடம்பு முடியலன்னா என்ன பண்ணுவீங்க அக்கா? லீவு குடுப்பாங்களா?"

"லீவா? நல்ல கதையா இருக்கே! லீவு போட்டா ஆள மாத்திடுவாங்க. முடியலன்னா என்ன, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று ஆரம்பித்தவள் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. நெஞ்சு, வால்வு, கவிழ்த்த வாளி, கம்பித் தட்டல், அறிவிப்புப் பலகை எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். சூப்பர்வைசர் மாதிரித் தலையாட்டினாள். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். சுருட்டை முடிக்காரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தாங்கள் செய்தது பெரிய காரியம் என்று ரேடியோவுக்கே அப்போதுதான் தோன்றியது. பெருமையாக இருந்தது.

எழுந்து நின்றபோதுதான் சுருக்கென்றது. "கண்ணு, இத வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க. எங்க அண்ணி பொழப்புல மண்ணு விழுந்துடும்."

"சத்தியமா சொல்ல மாட்டோம் அக்கா. யார் பேருமே வராது. பேர் போடக்கூடாதுங்கிறதுதான் எங்களுக்கு முதல் ரூல்."

கீழே வந்து அண்ணியிடம், ஒரு பெண் தன்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசியதைச் சொன்னாள்.

"அப்படி என்ன பேசுன இவ்வளவு நேரம்?" அண்ணி துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"சும்மாதான் அண்ணி. வேல எப்படின்னு கேட்டுச்சு. தங்கமான பொண்ணு."

"வாய பாத்து பேசு."

"நான் என்ன சின்னப் புள்ளயா?" என்றாள் ரேடியோ.

பட்டறையின் கடைசி நாள் விருந்தினர்கள் வந்தார்கள். துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் காண்ட்ராக்டரும் முன்வரிசையில் இருந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல். தண்ணீர் பாட்டில் வைக்கப் போன ரேடியோவைச் சுருட்டை முடிக்காரி கையைப் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, நீங்க கண்டிப்பா பாக்கணும், உக்காருங்க," என்று கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். சுவரோரம் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

இரண்டு குழுக்கள் பேசிய பிறகு சுருட்டை முடிக்காரியின் குழு மேடையேறியது. திரையில் ஒரு கட்டடத்தின் படம் வந்தது. தளத்துக்கு ஒரு பெண். கண், மூக்கு, வாய் இல்லாத வட்ட முகங்கள். பெயர் எதுவும் இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். மேலே மூன்று பெண்கள் நின்றுகொண்டிருக்க, கீழே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைத்தான் ரேடியோ முதலில் பார்த்தாள். கவிழ்த்த வாளி.

"இவங்களுக்கு யாரும் சொல்லித் தரல," என்று சுருட்டை முடிக்காரி மைக்கில் சொன்னாள். "ஒருத்தருக்கு உடம்பு முடியாமப் போனதும், மத்த மூணு பேரும் அவங்க வேலைய தங்களுக்குள்ள பிரிச்சுக்கிட்டாங்க. இத ஒரு மொபைல் ஆப்பா பண்ணினா, வேலை செய்யற எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் தாங்கிப் பிடிக்கலாம்." கம்பியில் தட்டுவதையும் சொன்னாள். கூடம் சிரித்தது, அன்பாகத்தான் சிரித்தது. பிறகு கைதட்டல் நிற்கவே இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காண்ட்ராக்டர் மைக்கைக் கேட்டு வாங்கினார். "மனசத் தொட்டுட்டீங்கம்மா. ஒரே ஒரு சந்தேகம். இப்படி மூணு பேரே பாத்துக்கிட்டதுல, சுத்தத்துல ஏதாவது குறை வந்துச்சா?"

"ஒரு குறையும் இல்ல சார்!" சுருட்டை முடிக்காரியின் முகம் மலர்ந்தது. "ஒன்றரை வருஷமா யாருக்கும் தெரியவே இல்ல. அதான் சார் இதுல அழகே."

"ஆமாமா. அழகுதான்," என்றார் காண்ட்ராக்டர். மைக்கைக் கொடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பிச் சுவரோரம் பார்த்தார். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். முதல் பரிசு அந்தக் குழுவுக்குத்தான் கிடைத்தது.

மறுநாள் காலையில் கழுவுமிடத்து வாசலில் சூப்பர்வைசர் இவர்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். "என் மானத்த வாங்கிட்டீங்களே," என்றார். கத்தக்கூட இல்லை. "நாயக்கூட யாரும் அப்படிப் பேச மாட்டாங்க, காண்ட்ராக்டர் என்னை அப்படிப் பேசுனாரு. இந்த மாசத்தோட நீ நின்னுக்க," என்றார் அண்ணியைப் பார்த்து. "இனி இந்தக் கட்டடத்துக்கு மூணு பேர்தான்."

அண்ணி வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். "யார் சார் சொன்னது?"

"படமே போட்டுக் காட்டுனாங்க. அவ்வளவு கூட்டமும் கை தட்டுச்சு. உன் தம்பி பொண்டாட்டியக் கேளு, உக்காந்து பாத்துட்டுதான் வந்தா."

எல்லாரும் ரேடியோவைப் பார்த்தார்கள். தையல்காரி, "அடிப்பாவி," என்றாள்.

வீட்டுக்குப் போய் அண்ணி சோறு வடித்தாள், பாத்திரம் கழுவினாள், இடையில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேடியோ பின்னாலேயே நடந்தாள். "அந்தப் பொண்ணு கெட்ட பொண்ணு இல்ல அண்ணி. என் கையப் புடிச்சுப் பாத்துச்சு. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு."

அண்ணி திரும்பினாள். "கையப் புடிச்சா கொட்டிடுவியா எல்லாத்தயும்? உன் புள்ள கலைஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தியே, அன்னைக்கு முழுக்க உன் கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தது யாருடி?"

ரேடியோ அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, "எழுந்திரு. சோறு ஆறுது," என்றாள்.

அடுத்த நாள் ரேடியோ கேன்டீன் வாசலில் காத்திருந்து சுருட்டை முடிக்காரியைப் பிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. "நாங்க பேரே போடலயே அக்கா!"

"நாலு பேர்ல உக்காந்திருக்கிறது யாருன்னு கண்டுபுடிக்க பேர் எதுக்கும்மா?"

அவள் அங்கேயே நின்று அழுதாள். கைகாட்டி அழைத்த தோழிகளைக்கூடக் கவனிக்கவில்லை. பேராசிரியரிடம் போகிறேன், விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். பேராசிரியரும் சும்மா இருக்கவில்லை. காண்ட்ராக்டரை நேரில் பார்த்துப் பேசினார். இதையெல்லாம் சின்னவள்தான் மூன்றாம் மாடியில் பேராசிரியரின் அறை வாசலில் நின்று கேட்டுவந்து சொன்னாள். இதெல்லாம் நடந்த இரண்டு நாளும் தையல்காரி ரேடியோவோடு பேசவில்லை. ஆனாலும் அவள்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

பிறகு சுருட்டை முடிக்காரி கழுவுமிடத்துக்கே தேடிக்கொண்டு வந்தாள். மூச்சிரைக்க வந்தாலும் முகத்தில் சிரிப்பு. "அக்கா, காண்ட்ராக்டர் ஒத்துக்கிட்டாரு! சும்மா நிறுத்த மாட்டேன்னு சொல்லிட்டாரு. ஒரு சின்ன டெஸ்ட் மட்டும். தண்ணி பக்கெட்ட எடுத்துட்டு மூணாவது மாடி வரைக்கும் ஏறணும். யாரும் உதவக் கூடாது. ஏறிட்டாங்கன்னா வேலை அப்படியே இருக்கும். நாலு பேருக்குமே இதே டெஸ்ட்தான், அதனால நியாயமா இருக்கும்னு எங்க சார் சொன்னாரு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரிதான் அதை மூடினாள்.

"ரொம்ப தேங்க்ஸும்மா," என்றாள் அண்ணி.

அந்தப் பெண் போனதும் ரேடியோ அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அண்ணி. வேல போனாப் போகுது. உசுரு போயிடும்."

"வேல போனா மட்டும் இருக்குமா?" அண்ணி அவள் தலையில் கை வைத்தாள். "மெதுவா ஏறிடுவேன். நின்னு நின்னு போனா ஏறிடலாம். வேகமா ஏறணும்னு அவங்க சொல்லலயே."

டெஸ்ட் அன்று தையல்காரியும் சின்னவளும் காலையிலேயே ஏறி இறங்கிவிட்டார்கள். ரேடியோவும் ஏறினாள். மூன்றாம் மாடிக்குப் போய் வாளியை வைத்தபோது அவளுக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. இறங்கி வரும்போது ஒவ்வொரு திருப்பத்திலும், இங்கே உட்காரலாமா, இங்கே கம்பியைப் பிடிக்கலாமா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

அண்ணி மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு படியருகே வந்தாள். கோட்டின் பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தாள், தலையைப் படிய வாரியிருந்தாள். சூப்பர்வைசர் வாளியைக் குழாய்க்கடியில் வைத்துப் பாதி நிரப்பினார். காண்ட்ராக்டர் பார்ப்பதற்காக மூலையில் ஓடிக்கொண்டிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீதியையும் நிரப்பினார்.

சுருட்டை முடிக்காரியும் வந்திருந்தாள். கைகளைக் கோத்து மோவாயில் வைத்துக்கொண்டு, "உங்களால முடியும் அக்கா," என்றாள். அவளை ஓங்கி ஒரு அறை விடலாம்போல் ரேடியோவுக்கு இருந்தது.

அண்ணி ஏறினாள். இரண்டு படிக்கு ஒருமுறை வாளியை வைத்தாள், எடுத்தாள். முதல் திருப்பம்வரை முதுகு தெரிந்தது. அதற்குப்பிறகு வாளியின் சத்தம் மட்டும்தான். வைக்கும்போது ஒரு சத்தம், எடுக்கும்போது கைப்பிடியின் கிறீச்சல். மூவரும் கழுத்தை நிமிர்த்திப் படிக்கட்டின் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "முதல் மாடி தாண்டிட்டாங்க," என்று சின்னவள் கிசுகிசுத்தாள். தையல்காரி ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது. மேலே வகுப்புகள் விட்டன. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்தார்கள், சிரித்துக்கொண்டும் போனைப் பார்த்துக்கொண்டும். அந்த இரைச்சலில் வாளியின் சத்தம் கேட்காமல் போயிற்று. கூட்டம் வடிந்த பிறகு ரேடியோ காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. எடுக்கும் சத்தத்துக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

வாளி உருண்டது. திருப்பத்தில் முட்டி, மறுபடி உருண்டு எங்கோ நின்றது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. ஒவ்வொரு படியாக நிறைந்து வழிந்து, அடுத்த படிக்கு இறங்கி, நிதானமாக வந்தது.

"அண்ணி!" ரேடியோ படியில் கால் வைத்தாள்.

சூப்பர்வைசர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். இன்னும் சில மாணவர்கள் மேலே வகுப்பறைகளிலிருந்து வெளியே வரும் சத்தம் கேட்டது. அவர் கேமராவைப் பார்த்தார், படியில் இறங்கும் தண்ணீரைப் பார்த்தார். ஓரமாகச் சாத்தியிருந்த மாப்பை எடுத்து ரேடியோவிடம் நீட்டினார்.

"பசங்க வழுக்கி விழுந்து வச்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். கீழ இருந்து தொடச்சுட்டே போ."

ரேடியோ முதல் படியைத் துடைத்தாள். இரண்டாவது படியைத் துடைத்தாள். மேலேயிருந்து தண்ணீர் மறுபடி முதல் படிக்கு இறங்கியது.